குவில்ட் துணிக்குக் கெஜம் 14 டாலர் கொடுக்கலாமா?

ஈரோட்டில் ஒரு துணி பதனிடும் ஆலையின் தணிக்கைப் பிரிவில் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. விளக்கு வைத்த மேசைமேல் துணி ஓடும். குறை தெரியும் இடத்தில் நிறுத்தி, அதன் நீளத்தைப் பார்த்துப் புள்ளி போடுவோம். மூன்று அங்குலத்துக்குள் என்றால் ஒரு புள்ளி, ஒன்பது அங்குலத்தைத் தாண்டினால் நான்கு. நூறு சதுர கெஜத்தில் நாற்பது புள்ளிக்கு மேல் சேர்ந்தால் சரக்கு திரும்பி வந்துவிடும். ஓய்வு பெற்று டெக்சாஸில் மகன் வீட்டுக்கு வந்த பிறகு, அக்கம்பக்கத்துப் பெண்கள் நூலகத்தில் கூடிக் குவில்ட் தைப்பதைப் பார்த்து நானும் ஊசியை எடுத்தேன். தையலை அவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன். துணி விஷயத்தில் மட்டும் அவர்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

அவர்கள் கேட்பது மூன்று கேள்விகள்: எந்த நாட்டுத் துணி, யார் வரைந்த டிசைன், கெஜம் என்ன விலை. நான் கேட்பது இரண்டுதான்: அடித்துணி எப்படிப்பட்டது, அச்சடித்த பின் எவ்வளவு ஒழுங்காக அலசியிருக்கிறார்கள். அந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் இந்த இரண்டும் தெரிந்துவிடும் என்று அவர்கள் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. இங்கே வாங்கித் துவைத்து வெட்டித் தைத்துப் பார்த்த துணிகளைப் பற்றி அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன்.

குவில்ட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: மேலே சிறு துண்டுகளை இணைத்துத் தைத்த ஒரு படலம், நடுவே பஞ்சு விரிப்பு, கீழே ஒரு முழுத் துணி, மூன்றையும் ஊடுருவித் தையல். மேல் படலத்தில் மடிப்புத் தையலுக்கு விடும் அளவு கால் அங்குலம்தான். நூல் பிரியும் துணியாக இருந்தால் அந்தக் கால் அங்குலம் இரண்டு சலவையில் காணாமல் போய்விடும். ரவிக்கைக்குப் போதுமான துணி குவில்ட்டுக்குப் போதாமல் போவதற்கு இதுதான் காரணம். இதற்கென்று இங்கே விற்கும் துணி நூறு சதவீதப் பருத்தி, சாதா நெசவு, ஏறத்தாழ 44 அங்குல அகலம். குவில்ட்டுக்கென்றே இருக்கும் சிறு கடைகளில் கெஜம் 12 முதல் 15 டாலர். பல்பொருள் கடைகளில் அதில் பாதிக்கும் கிடைக்கும்.

முதலில் நாட்டைப் பற்றிப் பேசி முடித்துவிடுகிறேன். நான் இருக்கும் மாநிலம்தான் அமெரிக்காவிலேயே அதிகம் பருத்தி விளையும் மாநிலம். லப்பக் நகரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பருத்திக் காடு. அந்தப் பஞ்சில் பெரும்பகுதி கப்பலேறி ஆசியாவுக்குப் போகிறது. ஒரு நாட்டில் நூலாகி, இன்னொரு நாட்டில் நெய்து, மற்றொன்றில் அச்சடித்து, துணியாகத் திரும்பி வருகிறது. கட்டின் அட்டையில் இருப்பதோ ஒரே ஒரு நாட்டின் பெயர். அந்தப் பெயரைப் படித்துவிட்டு, 'கொரியாவா, அப்படியானால் நல்லது' என்றும் 'இந்தியாவா, சாயம் போகும்' என்றும் தீர்ப்புச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் கோபமும் வரும். ஒரே ஊரில் ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு ஆலைகளில் இருந்து வரும் துணிக்கு இடையே உள்ள வித்தியாசத்தை வாழ்நாள் முழுவதும் பார்த்தவள் நான்.

அட்டையைவிட அதிகம் பேசுவது துணியின் ஓரம். வெட்டி எறிவதற்கு முன் அதைப் படியுங்கள். உற்பத்தி நிறுவனத்தின் பெயரும் டிசைனரின் பெயரும் அங்கே இருக்கும். பக்கத்தில் சிறு வட்டங்களாக வரிசையாக நிறப் புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் அச்சில் பயன்பட்ட ஒரு நிறத் திரையைக் குறிக்கும். ஒவ்வொரு நிறமும் தன் வட்டத்துக்குள் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் அச்சுக்காரர் கவனமாக இருந்திருக்கிறார். ஒரு நிறம் வட்டத்தை விட்டு வெளியே வழிந்திருந்தால், அதே அளவுக்குப் பூவின் இதழும் கோட்டைத் தாண்டியிருக்கும். ஓரத்தில் ஊசித் துளைகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அவை துணியை விரித்து உலர்த்தும் ஸ்டென்டர் இயந்திரத்தின் பிடிமானம். ஆனால் வெட்டும்போது அந்தத் துளைப் பகுதியைத் துண்டுக்குள் சேர்த்துவிடாதீர்கள்.

அடுத்தது அடித்துணி. சாயமும் அச்சும் ஏறுவதற்கு முந்தைய காடாத் துணியைச் சொல்கிறேன். என் கைப்பையில் இன்னும் பழைய கவுண்டிங் கிளாஸ் இருக்கிறது. ஒரு அங்குலச் சதுரத்தில் பாவு, அதாவது நீளவாக்கு நூல், எத்தனை, ஊடை, அதாவது குறுக்குவாக்கு நூல், எத்தனை என்று எண்ணும் மடக்குக் கண்ணாடி. கடையில் அதைத் துணிமேல் வைத்துக் குனிந்தால் மருமகள் தலையில் கை வைத்துக்கொள்வாள். "அத்தை, எல்லோரும் நம்மையே பார்க்கிறார்கள், அதை உள்ளே வையுங்கள்" என்பாள். பார்க்கட்டும், காசு நம்முடையது.

இங்கே ஒற்றை நிறத் துணிகளில் அளவுகோலாக எல்லோரும் எடுத்துக்கொள்வது ராபர்ட் காஃப்மன் நிறுவனத்தின் கோனா காட்டன். அங்குலத்துக்குப் பாவு 60, ஊடை 60, சதுர கெஜத்துக்கு 4.35 அவுன்ஸ் எடை. நம் கணக்கில் சதுர மீட்டருக்கு 147 கிராம் அளவில் வரும். இந்த எடைக்கும் இந்த எண்ணிக்கைக்கும் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 20-ஆம் நம்பர் நூல் (நம்பர் கூடக்கூட நூல் மெலியும்). கெட்டியான, கொஞ்சம் முரட்டுத்தனமான, உழைக்கும் துணி. கையால் தைக்கும்போது ஊசி தடையில்லாமல் இறங்குகிறது. மடித்துத் தேய்த்தால் மடிப்பு அப்படியே நிற்கிறது. நிறங்கள் மட்டும் முந்நூறுக்கு மேல். எல்லாவற்றையும் துண்டு துண்டாக ஒட்டிய அட்டை ஒன்று விற்கிறார்கள். அடிக்கடி தைப்பவர்கள் அதை வாங்கி வைத்துக்கொள்ளலாம், கணினித் திரையில் நிறம் பார்த்து ஏமாறும் செலவைவிட அது குறைவு. கோனாவின் மென்மையைப் பற்றி நான் உயர்வாகச் சொல்ல மாட்டேன். ஆனால் போன வருடம் வாங்கியதும் இந்த வருடம் வாங்கியதும் கண்ணாடிக்குக் கீழே ஒரே மாதிரி இருக்கின்றன. தணிக்கையாளருக்கு அதுதான் அழகு.

இந்த இடத்தில் இந்தியாவிலிருந்து இணையம் வழியாகத் துணி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வலை இருக்கிறது. நம் ஊர் வியாபாரிகள் '60-க்கு 60' என்று எழுதுவார்கள். இங்குள்ளவர்கள் அதைப் படித்து, கோனா மாதிரியே இருக்கிறது என்று ஆர்டர் போடுவார்கள். நம் வியாபாரி சொல்வது நூலின் நம்பர், இவர்கள் புரிந்துகொள்வது அங்குலத்துக்கு எத்தனை இழை என்பது. 60-ஆம் நம்பர் நூலில் அங்குலத்துக்குப் பாவு 92, ஊடை 88 வைத்து நெய்த கேம்பிரிக் நம் ஊரில் சர்வசாதாரணமான சரக்கு. எண்ணிக்கையில் கோனாவைவிட ஒன்றரை மடங்கு நெருக்கம். ஆனால் நூல் மெலிது என்பதால் எடை ஏறத்தாழ பாதிதான். அது தரக்குறைவான துணி அல்ல, வேறு வேலைக்கான துணி. ஜெய்ப்பூர் ரஜாய் போன்ற காற்றுக்கனமான போர்வைக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. அதையும் கோனாவையும் ஒரே குவில்ட்டில் இணைத்தால் மெல்லிய துண்டு சுருங்கி, கனத்த துண்டு உப்பிக்கொண்டு நிற்கும். இணைத்தே ஆக வேண்டும் என்றால் மெல்லியதற்குக் கெட்டியாகக் கஞ்சி போட்டு வெட்டுங்கள்.

கஞ்சி என்றதும் இன்னொன்று. மலிவுத் துணியில் பலவற்றுக்குக் கஞ்சிதான் உடம்பு. ஒரு பெரிய சங்கிலித் தொடர் கடையில் கெஜம் ஆறு டாலருக்குப் பூப்போட்ட துணி வாங்கினேன், பெயர் வேண்டாம். கடையில் தொட்டபோது மொடமொடவென்று இருந்தது. முதல் சலவைக்குப் பிறகு தூக்கிப் பிடித்தால் எதிரே சன்னல் தெரிந்தது. கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஊடை எண்ணிக்கை பாவைவிட மிகவும் குறைவு. நெசவில் காசு மிச்சம் பிடிப்பவர்கள் முதலில் கை வைப்பது ஊடையில்தான், ஏனென்றால் ஊடையைக் குறைத்தால் தறி வேகமாகத் துணியைத் தள்ளும். இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கக் கண்ணாடி தேவையில்லை. துணியின் ஒரு மூலையை இரண்டு கட்டைவிரலுக்கு இடையில் பிடித்து எதிரெதிராக இழுத்துத் தேயுங்கள். நூல் விலகிச் சந்து விழுந்தால் வைத்துவிட்டு நடங்கள். அப்படியே வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கட்டமோ கோடோ உள்ள துணி என்றால் கோடு ஊடையோடு சேர்ந்து நேராகப் போகிறதா, சாய்கிறதா என்றும் பாருங்கள். கோணலாக அச்சான துணியை எந்தத் தையல்காரராலும் நேராக்க முடியாது.

சாயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

சிவப்பும் வெள்ளையுமாக மாதக்கணக்கில் தைத்த குவில்ட், முதல் சலவையில் முழுவதும் ரோஸ் நிறமாக வெளியே வந்து அழுதவர்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். 'மட்டமான சாயம்' என்று திட்டுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் சாயத்தின்மேல் இல்லை. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் இழையோடு வேதியியல் முறையில் பிணைந்துகொள்வது. பிணைந்த சாயம் எளிதில் போகாது. ஆனால் போடும் சாயம் முழுவதும் பிணைவதில்லை. மிச்சம் துணிமேல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் அலசி, மறுபடி அலசி, தண்ணீர் தெளியும் வரை அலசி வெளியேற்ற வேண்டும். கருஞ்சிவப்பு, கருநீலம், கறுப்பு போன்ற ஆழ்ந்த நிறங்களுக்கு இன்னும் அதிகம் அலச வேண்டும். அந்த அலசலுக்குத் தண்ணீர் செலவு, நீராவிக்கு விறகோ நிலக்கரியோ செலவு, அலசிய தண்ணீரைச் சுத்திகரிக்க அதைவிடப் பெரிய செலவு. ஒரு தொட்டி அலசலைக் குறைத்தால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. வாங்கியவள் வீட்டில்தான் தெரியும்.

அந்தச் செலவு கணக்கில் ஏறாமல் போனால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்து மக்களுக்குத் தெரியும். நொய்யலில் ஓடிய சாயம் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை வெளியே விடாமல் சுத்திகரித்துத் தண்ணீரை மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாடு இருந்தால்தான் திறக்கலாம் என்று ஆனது. ஆகவே ஒரு துணி மிக மலிவாக இருந்தால், டிசைனருக்குப் பணம் தரவில்லை போலும் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அலசலில் மிச்சம் பிடித்திருக்கலாம். அதற்காக விலை உயர்ந்த துணி சாயம் விடாது என்றும் சொல்ல மாட்டேன். கெஜம் 14 டாலர் துணியும் என் பாத்திரத்தில் தண்ணீரைச் சிவப்பாக்கியிருக்கிறது.

சோதனை எளிது. ஆழ்ந்த நிறத் துணியில் இரண்டு அங்குலத் துண்டு வெட்டி, ஒரு வெள்ளைத் துணியோடு சேர்த்து, சோப்பு போட்ட வெந்நீரில் அரை மணி ஊற விடுங்கள். தண்ணீரில் நிறம் இறங்கினாலும் வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தால் அலசிப் பயன்படுத்தலாம். வெள்ளை கறைப்பட்டால் வெந்நீரில் அலசிக்கொண்டே இருங்கள். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்பது எல்லா ஊரிலும் உலவும் நம்பிக்கை. ஆலையிலிருந்து வந்துவிட்ட துணிக்கு அதனால் பயனில்லை. பிக்மென்ட் அச்சு என்றால் சோதனை வேறு. அது இழைக்குள் போகாமல் பசையோடு மேலே உட்கார்ந்திருக்கும். ஈரக் கைக்குட்டையால் பத்து முறை அழுத்தித் தேய்த்தால் கைக்குட்டை சொல்லிவிடும். மடிப்பு விளிம்புகளில் வெளுப்பதும் அதுதான்.

சாயம் போவதையே பெருமையாக விற்ற கதையும் உண்டு, அதுவும் நம் ஊர்த் துணிதான். 1958 வாக்கில், பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய கேப்டன் கிருஷ்ணன் நாயர் அனுப்பிய மெட்ராஸ் கட்டத் துணி நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டைகளாக விற்பனைக்கு வந்தது. துவைத்ததும் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட, வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். 'சாயம் இறங்கும், அதற்கு நாங்கள் உத்தரவாதம்' என்று விளம்பரம் செய்து அதையே நாகரிகமாக்கிவிட்டார்கள் என்பது துணி வியாபாரத்தில் எல்லோரும் சொல்லும் கதை. தணிக்கை மேசையில் இருந்தவளுக்கு இதைக் கேட்டால் வயிறு எரியும்.

மற்றத் துணிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெழுகால் கோலம் போட்டுச் சாயமேற்றும் இந்தோனேசிய பாத்திக்: மெழுகு கோடு கலங்காமல் பதிய நெருக்கமான அடித்துணி வேண்டும் என்பதால் அங்கே 'பிரிமா', 'பிரிமிசிமா' என்று தரம் பிரித்தே வைத்திருக்கிறார்கள். இயந்திரத்தில் தைப்பவர்களுக்கு அருமையான துணி. விளிம்பு பிரிவதே இல்லை, மேல்புறம் கீழ்ப்புறம் வித்தியாசமும் இல்லை. கையால் தைப்பவர்கள் விரல் நுனியை நினைத்து ஒதுங்கிவிடலாம். நீலமும் கருநீலமும் வாங்கினால் வெந்நீர்ச் சோதனை கட்டாயம். ஜப்பானில் நூலிலேயே சாயமிட்டு நெய்யும் சாம்பலும் பழுப்பும் கலந்த துணிகள் விலை அதிகம், ஆனால் நான் தொட்டவற்றில் மிக நேர்மையான நெசவு. ராஜஸ்தானின் சங்கனேர், பக்ரு மரஅச்சுத் துணிகளில் அச்சின் மூட்டு லேசாகத் தெரிய வேண்டும். பத்து அடிக்கு ஒரு சிறு பிசகுகூட இல்லாமல் வந்தால் அது திரையச்சு. அதற்கு மரஅச்சு விலை கொடுக்க வேண்டியதில்லை.

விலையைப் பொறுத்தவரை, கட்டுத்துணியைவிட வெட்டி அடுக்கிய பொட்டலங்களில்தான் காசு நழுவுகிறது. இரண்டரை அங்குல நாடாக்கள் நாற்பதைச் சுருட்டி 'ஜெல்லி ரோல்' என்று விற்கிறார்கள். பிரித்துக் கணக்குப் போட்டால் இரண்டே முக்கால் கெஜம் துணி. 48 டாலர் கொடுத்தால் கெஜம் 17 டாலருக்கு மேல். ஐந்து அங்குலச் சதுரம் 42 கொண்ட சிறு பொட்டலத்தில் முக்கால் கெஜம்கூட இல்லை. அது 13 டாலர் என்றால் கெஜம் ஏறத்தாழ 20. நாற்பது வகைப் பூ தேவைப்படுகிறவர்களுக்கு அது நியாயமான விலையாக இருக்கலாம், எனக்கு இல்லை. அடிப்பக்கத் துணியில் இதற்கு நேர்மாறு. பெரிய கட்டிலுக்கான குவில்ட்டுக்கு 44 அங்குலத் துணியை மூன்று பட்டைகளாக இணைத்தால் எட்டு கெஜத்துக்கு மேல் போகும். 13 டாலர் வீதம் நூறைத் தாண்டிவிடும். இதற்கென்றே 108 அங்குல அகலத்தில் துணி வருகிறது. கெஜம் 22 டாலர் என்றாலும் மூன்று கெஜம் போதும், நடுவில் இணைப்பும் இல்லை.

இவ்வளவு கணக்குப் பார்க்கும் நான் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அலபாமாவின் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலைச் சட்டைகளையும் முழங்கால் தேய்ந்த ஜீன்ஸையும் இணைத்துத் தைத்த குவில்ட்கள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன, பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்கும் போயின. அவற்றுக்கு முன்னால் என் கவுண்டிங் கிளாஸுக்கு வேலை இல்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள்: அந்தத் துணிகள் எல்லாம் வயல் வேலையில் வருடக்கணக்கில் துவைத்துத் துவைத்துச் சாயமும் சுருக்கமும் தீர்ந்தவை. நான் வெந்நீரில் செய்வதை அவர்கள் வாழ்க்கையே செய்து கொடுத்திருக்கிறது.

2025 மே மாதத்தோடு ஜோ-ஆன் என்ற பெரிய துணிக்கடைத் தொடரின் கடைகள் எல்லாம் மூடப்பட்ட பிறகு, துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கும் இடம் இங்கே பல ஊர்களில் இல்லாமலே போயிற்று. கொலுப் படிக்குத் துணி எடுக்கக்கூட நம்மவர்கள் அங்கேதான் போவார்கள். இணையத்தில் வாங்குகிறவர்கள் விற்பவரிடம் மூன்று கேளுங்கள்: துணி ஓரத்தின் படம், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், அங்குலத்துக்கு எத்தனை இழை. பதில் சொல்லத் தெரியாதவரிடம் அரைக் கெஜத்துக்கு மேல் முதல் ஆர்டர் வேண்டாம்.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு குவில்ட் தைக்க ஆசைப்படுகிறவர்கள் இந்த டாலர் துணியை வரவழைக்க வேண்டியதே இல்லை. திங்கள் இரவு ஈரோடு கனி மார்க்கெட் பக்கம் போய், நல்ல கனமான காட்டன் பாப்ளின் கேளுங்கள். மினுமினுப்பாக இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீ வைத்துப் பாருங்கள். காகிதம் போல எரிந்து சாம்பலானால் பருத்தி, உருகி மணியானால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. நான் ஊருக்குப் போகும்போது அப்படித்தான் வாங்கி வருகிறேன். கோனா எடையில் உள்ள 44 அங்குலத் துணி ஆறு மீட்டருக்கு ஒரு கிலோ. விமானத்தில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ. மருமகள் தன் பங்குக்கு முறுக்கும் அப்பளமும் எடுத்து வைக்கும் முன்பே நான் பெட்டியை மூடிவிடுவேன்.